தண்ணியில்லாக் காடும் ஒரு ஜமீன் கண்மாயும்

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்த விஷயம். வேலைப்பளு (படிக்க: சோம்பேறித்தனம்) காரணமா தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல நடந்த ஒரு பேச்சு இன்னைக்கு உட்கார வெச்சிருச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துருங்க.

எங்க டீம்ல ஒருத்தர் மேனேஜர்கிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து, "இனிமே என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிக்க வேண்டியதுதான் பாக்கி"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். சினிமாவுல போலீஸ் அதிகாரிகள் அம்பது வருஷமா சொல்ற வசனம், சிரிப்பு தன்னால வந்துருது. அப்புறம்தான் ஒருத்தருக்கு ஞாபகம் வந்துச்சு. "ஏய், நீ அந்தப் பக்கம்தானே?"

அந்தப் பக்கம்தான். சிவகங்கைக்கும் பரமக்குடிக்கும் நடுவுல ஒரு கிராமம். இன்னைக்கு சிவகங்கை மாவட்டம். 1985-ல பிரிக்கிற வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம்.

பக்கத்துல அவிநாசிக்காரர் ஒருத்தர் சாப்பிட்டுட்டு இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், நல்ல மனுஷன். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. எங்கூர்லயும் மழை இல்லீங். ஆனா நாங்க கிணறு வெட்டுனோம், மில்லு வெச்சோம், பனியன் தெச்சோம். உங்கூர்ல அந்த உழைப்பு இல்லீங்களே. வானத்தைப் பாத்துட்டு உக்காந்துட்டீங்க"ன்னார்.

கோபம் வந்துச்சு. ஆனா பதில் வரலை. ஏன்னா எங்க அப்பாவே இதைத்தான் வேற வார்த்தையில சொல்லுவார். "நம்ம மண்ணு ராசியில்லாத மண்ணுடா. படிச்சு ஓடிப் போயிரு." ஓடித்தான் வந்தேன். இப்போ அந்த ராசியில்லாத மண்ணுல மூணு ஏக்கரை வித்துரலாமான்னு அப்பா கேக்குறார். நான் கையெழுத்துப் போடணும். அதனால இந்தக் கேண்டீன் பேச்சு எனக்கு வெறும் பேச்சா படலை.

உழைப்பு இல்லையா? ராசி இல்லையா? ராத்திரி தூக்கம் வராம தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதைத்தான் இங்க கொட்டப் போறேன்.

முதல்ல மழைக் கணக்கு. சிவகங்கை மாவட்டத்துல வருஷத்துக்கு சராசரியா சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்யுது. ராமநாதபுரத்துல 800-க்கு மேல. கோயம்புத்தூர் மாவட்டத்துல வால்பாறை மாதிரி மலைப் பகுதியை விட்டுட்டு சமவெளியை மட்டும் எடுத்தா சுமார் 600-லருந்து 700-க்குள்ள. ஆமாங்க, நானும் ரெண்டு தடவை சரிபார்த்தேன். தண்ணியில்லாக் காட்டுல பெய்யுற மழை கோவைச் சமவெளியைவிட அதிகம்.

உடனே கொங்கு நண்பர்கள் பின்னூட்டத்துல பாய வேண்டாம். சிறுவாணி, பவானி, நொய்யல்னு மலைத் தண்ணி உங்களுக்கு இருக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கு. எங்க கடலோரத்துல நிலத்தடித் தண்ணி உப்பு. எங்க மழையில பெரும்பங்கு ரெண்டு மூணு மாசத்துல மொத்தமா கொட்டிட்டுப் போயிரும். இதெல்லாம் நிஜம், மறுக்கலை. ஆனா "மழையே கிடையாது, அதான் அப்படி"ன்னு இனிமே யாரும் ஒத்தை வரியில முடிக்க முடியாது.

ரெண்டு மூணு மாசத்துல மொத்தமா கொட்டுற மழையைப் பிடிச்சு வெக்கத்தான் எங்க முன்னோர்கள் கண்மாய் வெட்டினாங்க. மத்த ஊர்ல ஏரின்னு சொல்றதை நாங்க கண்மாய்னு சொல்லுவோம். ஒண்ணு நிறைஞ்சு கலுங்கு வழியா வழிஞ்சா அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அது நிறைஞ்சா அதுக்கு அடுத்த ஊருக்குன்னு சங்கிலி மாதிரி போகும். வைகையே கடைசியில ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல வந்துதான் அடங்குது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. மேல ஒரு வரத்துக்கால் தூர்ந்து போனா கீழே பத்து ஊரு காயும். அதனால கரையை மண் போட்டு உசத்தணும், மடையைச் சரி பண்ணணும், வருஷா வருஷம் தூர் வாரணும். யாராவது ஒருத்தர் பொறுப்பா இருந்து இதைச் செஞ்சே ஆகணும்.

அந்த "யாராவது ஒருத்தர்" யாருங்கறதுதான் என் மொத்தப் பதிவும்.

1801-க்குப் போவோம். மருது சகோதரர்கள் கிளர்ச்சியை கும்பெனி அடக்கிருச்சு. அந்த வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூர்ல ரெண்டு பேரையும் தூக்குல போட்டாங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கு அப்புறம் நடந்ததை நாம அவ்வளவா பேசறதில்லை. கும்பெனி தனக்குத் தோதான ஒருத்தரை சிவகங்கையில உட்கார வெச்சுது. ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் நிரந்தர ஜமீன்களா மாத்துச்சு. 1793-ல காரன்வாலிஸ் வங்காளத்துல கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம், 1802 ஒழுங்குமுறைச் சட்டம் மூலமா சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு.

ஜமீன்னா என்ன? சாப்ட்வேர் மக்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். அது ஒரு பிக்சட் பிரைஸ் கான்ட்ராக்ட். வருஷத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ் கும்பெனிக்குக் கட்டணும். அந்தத் தொகை ஏறாது. அதுக்கு மேல குடியானவன்கிட்ட எவ்வளவு வாங்கினாலும் ஜமீன்தாருக்கு. "லாபம் பூரா அவருக்குத்தானே, அவரே நிலத்துல முதலீடு போட்டு வளர்ப்பாரு"ங்கறது காரன்வாலிஸ் நெனப்பு. பேப்பர்ல பாத்தா அருமையான டிசைன். மெயின்டனன்ஸ் யார் பொறுப்புங்கற ஷரத்தை மட்டும் யாரும் சீரியஸா எடுத்துக்கலை. கண்மாய் உடைஞ்சா கும்பெனிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. பேஷ்குஷ் எப்படியும் வந்துரும்.

ஜமீன்தார் முதலீடு போட்டாரா? சிவகங்கையில 1829-ல ஜமீன்தார் இறந்ததும் வாரிசுச் சண்டை கோர்ட்டுக்குப் போச்சு. லண்டன் பிரிவி கவுன்சில்ல தீர்ப்பு வந்தது 1863-ல. முப்பது வருஷத்துக்கு மேல! இந்து வாரிசுரிமைச் சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் சிவகங்கை வழக்கைப் படிச்சுட்டுத்தான் வெளிய வரணும். ராமநாதபுரமும் சளைச்சதில்லை. அங்க தத்தெடுப்பு வழக்கு 1868-ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. எங்க சீமையோட வருமானம் வக்கீல் பீஸா கப்பல் ஏறின காலத்துல கண்மாய்க் கரையில யார் மண் போட்டிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இப்போ கொங்கு நாட்டுக்கு வருவோம். சேலம், தருமபுரி பக்கத்து பாராமகால் 1792-லயும், கோயம்புத்தூர் 1799-லயும் திப்பு சுல்தான்கிட்ட இருந்து கும்பெனி கைக்கு வந்துச்சு. பாராமகால்ல அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ இருந்த தாமஸ் மன்றோவும், இடைத்தரகர் இல்லாம நேரா குடியானவன் பேர்லயே நிலத்தை அளந்து வரி போட்டாங்க. அதுதான் ரயத்துவாரி. மன்றோ 1820-ல கவர்னரா வந்ததும் அதுவே மாகாணத்தோட பொது வழக்கமாச்சு. கொங்குப் பக்கமும் ஊத்துக்குளி மாதிரி ஜமீன்கள் உண்டு. ஆனா பெரும்பாலான நிலம் ரயத்துவாரி.

ரயத்துவாரியில குடியானவன் பேர்ல பட்டா இருக்கும். பட்டாவை அடகு வெச்சு கடன் வாங்கலாம். 19-ஆம் நூற்றாண்டு நடுவுக்கு மேல, சொந்தச் செலவுல கிணறு வெட்டினா அதுக்காக வரியைக் கூட்டறதில்லைங்கற கொள்கையும் வந்துச்சு. கிணறு வெட்டுனா விளைச்சல் கூடும், கூடுனது பூரா வெட்டுனவனுக்கு.

எங்க பக்கம் வாரம். விளைஞ்சதுல பங்கு. பாடுபட்டு விளைச்சலைக் கூட்டினா அரண்மனைப் பங்கும் சேர்ந்து கூடும். அப்படி இருந்தா நீங்க கிணறு வெட்டுவீங்களா? நான் வெட்ட மாட்டேன். அதுக்குப் பேரு சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. "வெள்ளைக்காரன் கோயம்புத்தூர்ல நல்லது பண்ணான்"னு யாரும் கிளம்பிராதீங்க. ரயத்துவாரி ஒண்ணும் சொர்க்கம் இல்லை. வரியைக் கறக்க குடியானவனை எப்படி எல்லாம் சித்திரவதை பண்ணாங்கன்னு விசாரிக்க சென்னை மாகாணத்துல ஒரு கமிஷனே போட்டாங்க. 1855-ல அறிக்கை வந்துச்சு. கிட்டி போட்டு விரலை நசுக்கறது, கழுத்தைக் குனிய வெச்சுக் கால் விரலோட கட்டி வெயில்ல நிறுத்தறதுன்னு படிக்கவே முடியலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல சேலமும் கோயம்புத்தூரும் பட்ட பாடும் கொஞ்சநஞ்சம் இல்லை. அதுவும் ரயத்துவாரி பூமிதான். எவனும் நம்ம நல்லதுக்கு எதையும் பண்ணலை. ரெண்டு இடத்துலயும் நோக்கம் வசூல்தான். வசூல் பண்ற முறை மட்டும் வேற. அந்த முறை விட்டுட்டுப் போன தடம் வேற.

ஒரு ஊரு எந்த முறைக்குள்ள விழுந்துச்சுங்கறதும் மண்ணையோ மக்களையோ பாத்து முடிவானது இல்லை. திப்புவைத் தோக்கடிச்ச இடத்துல ஒரு முறை, பாளையக்காரங்க எதிர்த்து நின்ன இடத்துல சமாதானத்துக்கு ஒரு ஜமீன். சண்டை எப்படி முடிஞ்சுதுங்கறதை வெச்சு, அடுத்த இருநூறு வருஷத்துக்கு ஒரு சீமையோட தலையெழுத்தை எழுதிட்டாங்க.

"சரிப்பா, இதெல்லாம் நீயா கட்டுற கதை, ஆதாரம் இருக்கா?"ன்னு கேப்பீங்க. இந்தியா முழுக்க இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. 2019-ல பொருளாதார நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பிரிட்டிஷ் காலத்துல ஜமீன் முறையில இருந்த மாவட்டங்களையும், குடியானவனுக்கே உரிமை இருந்த மாவட்டங்களையும் எடுத்து, சுதந்திரத்துக்கு அப்புறமான புள்ளிவிவரத்தை வெச்சு ஒப்பிட்டாங்க. ஜமீன் இல்லாத மாவட்டங்கள்ல மொத்த விளைச்சல் சுமார் 16 சதவீதம் அதிகம், கோதுமை மட்டும் எடுத்தா 23 சதவீதம் அதிகம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு பாத்தாலும் அதே கதைதான்.

இந்த ஆய்வை எதிர்த்தும் ஆய்வு வந்துருக்கு. 2013-ல ஐவர்சன், பால்மர்-ஜோன்ஸ், குணால் சென் மூணு பேரும், பழைய மத்திய மாகாணத்து மாவட்டங்களை பானர்ஜி-ஐயர் தப்பா வகைப்படுத்திட்டாங்க, அதைத் திருத்தினா விவசாயத்துல அந்த வித்தியாசம் தேறலைன்னு வாதிட்டாங்க. அதையும் சொல்லிடறதுதான் நேர்மை. நம்ம பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துப் போட்டுட்டுப் போனா அது பதிவு இல்லை, பட்டிமன்றம். :-)

ஆனா பானர்ஜி-ஐயர் ஆய்வுல ஒரு விஷயம் என்னை உலுக்கிருச்சு. ஜமீன் மாவட்டங்களுக்கும் மத்த மாவட்டங்களுக்கும் நடுவுல இருந்த இடைவெளி 1965 வரைக்கும் பெருசா இல்லையாம். அதுக்கு அப்புறம்தான் விரியுது. அதாவது பசுமைப் புரட்சி வந்தப்புறம். வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் பதினெட்டு வருஷம் கழிச்சு!

மொத ராத்திரி இதைப் படிச்சப்போ எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. வெள்ளைக்காரன் மேல பழியைப் போட்டு ஒரு அருமையான பதிவு எழுதலாம்னு வந்தவனுக்கு இது இடைஞ்சல் இல்லையா? அப்புறம் யோசிச்சப்போதான் புரிஞ்சுது, கதையே இங்கதான் இருக்கு.

1948-ல சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்துச்சு. ஓமந்தூரார் ஆட்சிக் காலம். எங்க ஊரு நிலமும் ரயத்துவாரியா மாறிச்சு. பெரிய காரியம், சந்தேகமே இல்லை. பட்டா வந்துச்சு. ஆனா கண்மாய்? நூத்தி அம்பது வருஷம் கவனிப்பார் இல்லாம தூர்ந்து போன ஆயிரக்கணக்கான கண்மாய்கள் அப்படியே அரசாங்கம் கைக்கு வந்துச்சு. பொதுப்பணித்துறை கண்மாய், ஊராட்சி ஒன்றியக் கண்மாய்னு ஏற்கனவே ரெண்டு வகை. இதுகளுக்குன்னு மூணாவதா ஒரு பேர் வந்துச்சு: எக்ஸ்-ஜமீன் கண்மாய். மத்த கண்மாய்களோட தரத்துக்கு இதுகளைக் கொண்டுவரணும்னு தனித் திட்டம், தனிப் பட்டியல், தனி நிதி. பட்டியல் இருந்துச்சு, வேலைதான் ஊர்ந்துச்சு.

நம்ம பாஷையில சொல்லணும்னா இது லெகசி கோட். கம்பெனி கை மாறிருச்சு. பழைய சிஸ்டத்தை புதுசா வந்தவங்க வாங்கிட்டாங்க. "இது அவங்க எழுதினது, நமக்குத் தெரியாது"ன்னு ஒரு போல்டர்ல போட்டு, பேருக்கு முன்னாடி "பழைய"ன்னு சேர்த்துட்டாங்க. எழுதினவன் போயி எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு எழுதினவனையே திட்டிட்டு இருக்கறது?

இன்னொரு பக்கம் பாருங்க. 1960 வாக்குல மத்திய அரசு தீவிர விவசாய மாவட்டத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாத்தையும் ஒண்ணா ஒரு மாவட்டத்துல கொட்டறது. சென்னை மாநிலத்துல எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தாங்க? தஞ்சாவூர். காரணம் நியாயமானதுதான், பாசன வசதி உறுதியா இருக்கற இடத்துல போட்டாத்தான் பலன் சீக்கிரம் தெரியும். நாடு பட்டினியில கிடந்த நேரம், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா விளைவு என்ன? புது விதைக்கு தண்ணி வேணும். கிணறும் வாய்க்காலும் ஏற்கனவே இருந்த ஊரு மேல போச்சு. தூர்ந்த கண்மாய் இருந்த ஊரு நின்ன இடத்துலயே நின்னுச்சு. 1803-ல போட்ட கோடு, 1965-க்கு அப்புறம் பள்ளமா மாறிச்சு. ஆரம்பிச்சது அவங்க. ஆழப்படுத்தினது நாம. இதுதான் என் கருத்து.

எதிர்க் கேள்விகள் வரும்னு தெரியும். நானே கேட்டுக்கறேன்.

சிவகாசியும் 1985 வரைக்கும் அதே ராமநாதபுரம் மாவட்டம்தானே, வறண்ட பூமிதானே, அது எப்படி எழுந்துச்சு? நல்ல கேள்வி. 1920-கள்ல ரெண்டு பேர் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க, ஒரு ஊரே மாறிச்சு. விவசாயத்தை நம்பாத ஒரு வழி கிடைச்சுது. எல்லாத்தையும் நில வரி முறைதான் தீர்மானிக்குதுன்னு நான் சொல்ல வரலை.

செட்டிநாடு சிவகங்கைச் சீமைக்குள்ளதானே, அங்க பணம் இல்லையா? இருந்துச்சு. ஜமீன்களுக்கே கடன் கொடுத்த பணம். ஆனா அது ஊருக்குள்ள தங்கலை. பர்மாவுக்குப் போச்சு. பொருளாதாரப் பெருமந்தத்துல கடன் திரும்ப வராம, 1938 வாக்குல கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல சுமார் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில இருந்துச்சு. ஐராவதி டெல்டா நெல் வயலுக்குப் பணம் கொடுத்த சீமை, தன் கண்மாய்க்குக் கொடுக்கலை. ஒருத்தரையும் திட்டறதுக்காக இதைச் சொல்லலை. வட்டி எங்க வருதோ அங்கதான் பணம் போகும்.

ஆனா அதே செட்டிநாட்டுல இருந்துதான் அழகப்பச் செட்டியாரும் வந்தார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-ல நேரு அடிக்கல் நாட்டினார். நல்லா கவனிங்க, ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த அதே வருஷம். காரைக்குடி இன்னைக்குக் கல்வி நகரமா நிக்குதுன்னா அதுல அந்த ஒரு முடிவுக்கு பெரிய பங்கு. 1803-ல எடுத்த முடிவுக்கு இருநூறு வருஷ ஆயுசு இருந்தா, 1948-ல எடுத்த முடிவுக்கும் அதே மாதிரி ஆயுசு இருக்கும்தானே? இந்தக் கோணத்துல பாத்தா எனக்குக் கொஞ்சம் தைரியம் வருது.

அப்போ என்ன பண்ணணுங்கறே? பெருசா எதுவும் கேக்கலை. மூணே விஷயம்.

ஒண்ணு, எக்ஸ்-ஜமீன்ங்கற பேரையே தூக்கணும். எந்தக் கண்மாய்க்கு எந்த அலுவலகம் பொறுப்புன்னு ஊர்ல இருக்கறவனுக்குத் தெரியணும். 2017-ல குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தப்போ பல ஊர்கள்ல கரையைப் பலப்படுத்தினாங்க. ஆனா ஒரு தடவை தூர் வாரிட்டு போட்டோ எடுத்துட்டுப் போறது மெயின்டனன்ஸ் இல்லை. வருஷா வருஷம் செய்யறதுக்குத்தான் அந்தப் பேரு.

ரெண்டு, "ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிக்கிறது". இது ஜோக் இல்லை. தண்டனைன்னு நெனச்சு வர்ற அதிகாரி, வந்த நாள்ல இருந்து எப்படா திரும்பிப் போகலாம்னுதான் பாப்பார். நல்லா வேலை செய்யறவங்களை அனுப்ப வேண்டிய ஊருக்கு, பிடிக்காதவங்களை அனுப்பினா என்ன ஆகும்? இது நாமளே கண்டுபிடிச்ச புது ஜமீன் முறை.

மூணாவது எங்க ஆளுங்களுக்கு. தயவுசெஞ்சு "ராசியில்லாத மண்ணு"ன்னு சொல்றதை நிறுத்துங்கப்பா. பிள்ளைங்க அதை நம்பிருதுங்க. நான் இருபது வருஷம் நம்பினேன்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எங்க அப்பத்தாவுக்கு எண்பத்தஞ்சு தாண்டியாச்சு. "அப்பத்தா, அரண்மனைக்கு வாரம் அளந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். அப்போ அது ரொம்பச் சின்னப் பிள்ளை. ஆனா களத்து மேட்டை மறக்கலை. "அரமனை ஆளு வர்ற வரைக்கும் நெல்லைத் தொடக் கூடாதுடா. அம்பாரத்து மேல சாணிப்பால் குறி போட்டுட்டுப் போயிருவாக. குறி கலைஞ்சா அவ்வளவுதான். மழை வர்ற மாதிரி இருந்தாலும் மூடிப் போட்டுட்டு காவல் இருக்கணும். எங்கய்யா ராத்திரி பூரா களத்துலயே கிடப்பாரு"ன்னுச்சு. தன் நெல்லுக்குத் தானே காவல். தொட உரிமை இல்லை.

திங்கட்கிழமை இதை அவிநாசி அண்ணன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. சாயங்காலம் என் டேபிளுக்கு வந்தார். ஊருக்குப் போன் போட்டு அவங்க அப்பாருகிட்ட பேசியிருக்கார். "எங்க தோட்டத்துக் கிணறு எங்க அப்பாருக்கு அப்பா வெட்டுனதுங்க. சர்க்கார்ல தக்காவிக் கடன் வாங்கி வெட்டுனாராம். பட்டாவைக் காட்டித்தான் கடன் குடுத்தாங்களாம் தம்பி"ன்னார். அப்புறம் அவரே, "பட்டா இல்லீன்னா என்ன பண்ணியிருப்பாங்களோ தெரியலீங்"ன்னார். அவர் அப்பாருக்கு அப்பா உழைக்கலைன்னு நான் சொல்லவே மாட்டேன். பாறையை வெடி வெச்சு அறுபது அடி இறங்கினவர் உழைப்பாளிதான். களத்துல ராத்திரி பூரா காவல் கிடந்த எங்க அப்பத்தாவோட அய்யாவும் உழைப்பாளிதான். ஒருத்தர் உழைப்பு கிணறா நிக்குது. இன்னொருத்தர் உழைப்பு நிக்கறதுக்கு இடம் இல்லாம போச்சு.

மூணு ஏக்கர் விஷயம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாவோட கண்மாய்க் கரையில நடந்தேன். உள்ள முழுக்க சீமைக்கருவேலம். மடை எங்க இருக்குன்னே தெரியலை. அப்பா ஒரு இடத்துல நின்னு கையைக் காட்டி, "அந்தா, அங்கதான் நான் நீச்சல் பழகினேன்"ன்னார். அவர் சின்னப் பையனா இருக்கும்போது அங்க நீந்துற அளவுக்குத் தண்ணி நின்னுருக்கு. அப்போ ராசி இருந்துச்சு போல.

"இப்போதைக்கு விக்க வேணாம்ப்பா"ன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டார். ஜமீன், ரயத்துவாரின்னு ஆரம்பிச்சேன். பாதியில, "நீ ஆபீஸ்ல வேலை பாக்கறியா, இல்லை இதைத்தான் படிச்சுட்டு இருக்கியா?"ன்னார். ஆனா பத்திரத்தை எடுத்து மறுபடி பீரோவுக்குள்ள வெச்சுட்டார்.

பி.கு. 1: கன்னியாகுமரியைப் பத்தி ஏன் எழுதலைன்னு நாஞ்சில் நாட்டு நண்பர்கள் கேப்பீங்க. 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ல இருந்துட்டு, இன்னைக்குத் தமிழ்நாட்டுலயே எழுத்தறிவுல முன்னால நிக்கற மாவட்டம். அது இதே கேள்வியோட இன்னொரு பக்கம். தனிப் பதிவா வரும் (சோம்பேறித்தனம் அனுமதிச்சா).

பி.கு. 2: உங்க ஊரு கண்மாயோ ஏரியோ குளமோ, அது யாரோட பொறுப்புல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. சண்டை போடறதா இருந்தாலும் வாங்க, ஆனா மழைக் கணக்கோட வாங்க. :-)